உட்காராத அக்கா

அவள் பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பாதிப் பேருக்குக் கோபம் வரும், மீதிப் பேர் சிரிப்பார்கள். இரண்டையும் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை. நான் அவளை அக்கா என்று கூப்பிட்டேன். தோட்டமே அப்படித்தான் கூப்பிட்டது. எங்களை வேலை வாங்குகிற, அவளைவிட வயதில் மூத்த மண்டோர்கூட அக்கா என்றுதான் சொல்வார், பயத்தில்.

குள்ளமான உடம்பு. அகலமான பாதம். மஞ்சள் ரப்பர் பூட்ஸைக் காலையில் மாட்டினால் பொழுது சாயும்வரை கழற்ற மாட்டாள். முன்பல் ஒன்று கிடையாது. பல் கட்டிக்கொள்ளச் சொல்லி மகள் எத்தனையோ முறை கெஞ்சினாள். "இருக்கிற பல்லு நல்லா கடிக்குது லா, அது போதும்" என்று விட்டுவிட்டாள். கிட்டே போனால் தைல வாசனை அடிக்கும். தோள்பட்டையில் தேய்த்திருப்பாள். தோள் வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பாள்.

அவளிடம் ஒரே ஒரு குணம்தான். மற்றதெல்லாம் அதிலிருந்து கிளைத்தது. அவளை உட்காரச் சொல்லக் கூடாது. "நீ உக்காருக்கா, நாங்க பாத்துக்குறோம்" என்று யாராவது சொன்னால் முகமே மாறிவிடும். அன்பாகச் சொன்னாலும் அதே கதிதான். "உக்காரச் சொல்றவன் மொதல்ல உக்காரட்டும்" என்பாள். மத்தியானச் சோற்றைக்கூட நின்றுகொண்டே தின்றாள். தேயிலைச் செடி இடுப்பு உயரம் இருக்கும். அதன் தலைமேல் சாப்பாட்டுத் தூக்கை வைத்துக்கொண்டு, மலையைப் பார்த்தபடி சாப்பிடுவாள்.

தேயிலை என்றால் பெண்கள் முதுகில் கூடையை மாட்டிக்கொண்டு விரலால் கிள்ளுவது என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதெல்லாம் படத்தில்தான். எங்களுக்கு மெஷின். நீளமான வெட்டுக்கத்தி வைத்தது. செடி வரிசைக்கு இந்தப் பக்கம் ஒரு ஆள், அந்தப் பக்கம் ஒரு ஆள், தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரே சீராக நடக்க வேண்டும். இன்ஜின் ஒரு பக்கம் இருக்கும். அதுதான் பாரம். வெட்டிய கொழுந்து பின்னால் ஒரு நீளப் பைக்குள் போய் விழும். அந்தப் பையின் வாலைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது ஆள் வர வேண்டும். ஆண்கள் மெஷின் பிடிப்பார்கள், பெண்கள் பை பிடிப்பார்கள். யார் எழுதி வைத்த சட்டமோ தெரியாது. மெஷின் வந்த நாளிலிருந்து அப்படித்தான்.

ஒரு நாள் இன்ஜின் பக்கத்து ஆள் வரவில்லை. மண்டோர் ஆள் தேடிக்கொண்டிருந்தார். அக்கா பையை என் கையில் கொடுத்துவிட்டு இன்ஜின் பக்கம் போய் நின்றாள்.

"யக்கா, அது பொம்பள தூக்குற பாரமா? உக்காருங்க, ஆளு வருவான்."

"வர்ற வரைக்கும் நான் புடிக்கிறேன்."

"தோளு எறங்கிடும் லா."

"எந்தோளு தானே?"

வர வேண்டிய ஆள் மறுநாள் வந்தான். அவனுக்கு இன்ஜின் பக்கம் கிடைக்கவில்லை. கடைசிவரை கிடைக்கவில்லை. பிறகு எதிர்ப்பக்கத்தைப் பிடிக்க என்னை இழுத்துக்கொண்டாள். அப்படித்தான் நானும் மெஷின்காரி ஆனேன். என் கை காய்த்துப் போனதற்கு அவள்தான் காரணம். சம்பளம் கூடினதற்கும் அவள்தான்.

சுற்றுலா வந்த ஒருத்தன் ஒரு சனிக்கிழமை எங்கள் வரிசைக்குள் இறங்கிவிட்டான். கழுத்தில் பெரிய கேமரா. எங்கிருந்தோ ஒரு பிரம்புக் கூடையைக் கொண்டுவந்திருந்தான். கடையில் அலங்காரத்துக்கு வைக்கிற கூடை. அதை அக்காவின் முதுகில் மாட்டி, செடிக்கு நடுவில் உட்கார வைத்து, சிரிக்கச் சொல்லிப் படம் பிடிக்க வேண்டுமாம். தமிழ்ப் பையன்தான், கோலாலம்பூர்க்காரன்.

"ஆன்ட்டி, ஜஸ்ட் ஒரு நிமிஷம் உக்காருங்க. ரொம்ப நேச்சுரலா இருக்கும்."

அக்கா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "படம் எடுத்துக்க. அதுக்கு முன்ன இந்தப் பைய புடிச்சிக்கிட்டு ஒரு வரிசை வா. அப்பதான் நேச்சுரலா இருக்கும்."

அவன் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தபடி பிடித்தான். அக்கா இன்ஜினை முடுக்கினாள். காலையில் மழை பெய்த மலைச்சரிவு. வெள்ளைச் சப்பாத்துப் போட்டிருந்தான். வரிசை முடிந்தபோது முழங்கால்வரை சேறு. அப்போதும் அவள் உட்காரவில்லை. இன்ஜினைத் தூக்கிக்கொண்டு நின்றாள். அவன் படம் எடுத்துக்கொண்டு போனான். நல்ல படமாகத்தான் இருந்திருக்கும்.

இதைக் கேட்டுவிட்டு அவளை வேடிக்கையான ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். அவள் பிடிவாதத்தில் ஈரம் கிடையாது. ஒரு முறை எனக்குக் காய்ச்சல். மெஷினைக் கீழே வைத்துவிட்டு வரிசையில் குந்திவிட்டேன். "எந்திரி" என்றாள். முடியவில்லை என்றேன். "முடியும், எந்திரி" என்று கையைப் பிடித்து இழுத்தாள். எழுந்தேன். அந்த வரிசையை முடித்துவிட்டுத்தான் விழுந்தேன். கிளினிக்கில் ஊசி போட்ட நர்ஸ் எங்கள் இரண்டு பேரையும் திட்டினாள். அன்று அக்கா செய்தது தப்பு. இன்றைக்குக் கேட்டாலும் தப்பு என்றுதான் சொல்வேன். உட்காரக் கூடாது என்று தனக்கு வைத்துக்கொண்ட விதியை அடுத்தவர் உடம்பில் போட அவளுக்கு உரிமை இல்லை. அவளிடமே சொன்னேன். "சரி" என்றாள். மன்னிப்புக் கேட்கவில்லை.

அவள் புருஷன் செத்தபோதும் அப்படித்தான். சவத்தை லாரியில் ஏற்றினார்கள். பெண்கள் வீட்டோடு நின்றுவிட வேண்டும், சுடுகாட்டுக்கு வரக் கூடாது. உள்ளே பாய் விரித்து அவளை உட்காரச் சொன்னார்கள். அவள் பூட்ஸை மாட்டிக்கொண்டு லாரிக்குப் பின்னால் நடந்தாள். கொழுந்தன்மார் வழியை மறித்தார்கள். "என்னா பழக்கம் இது? ஊரு என்னா பேசும்?" என்று மூத்தவர் கத்தினார். "அவர ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதும் நான், கொண்டு வந்ததும் நான். இந்த ஒரு வழி மட்டும் ஒங்களுக்கா?" என்றாள். நடந்தே போனாள், நின்றே பார்த்தாள், நடந்தே திரும்பினாள். கொழுந்தன்மார் அதன் பிறகு அவளோடு பேசவில்லை. மகளுக்கும் அவமானம். அதற்காக அக்கா அழுததை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் தான் செய்தது சரியா என்று ஒரு நாளும் யாரையும் கேட்கவில்லை.

வேலையிலிருந்து ஓய்வு கொடுத்ததும் தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீட்டைக் காலி செய்துகொண்டு ரவாங்கில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். மகள் கடைசியில் சமாதானமாகித் தானே வந்து கூட்டிக்கொண்டு போனாள். எனக்கு அவளை நினைக்கும்போதெல்லாம் தேயிலை ஞாபகம் வருவதில்லை. கடல்தான் ஞாபகம் வருகிறது. கொரோனாவுக்கு முந்தின வருஷம் நாங்கள் போன கடல்.

தோட்டத்துக் கிளப் வருஷத்துக்கு ஒரு முறை சுற்றுலா ஏற்பாடு செய்யும். கிளப் தலைவர் எங்கள் பேக்டரியில் கணக்கு எழுதுகிற கிராணி. நல்ல சட்டை போடுவார், விசில் வைத்திருப்பார். ஒவ்வொரு வருஷமும் ஏதோ ஒரு கடற்கரை. ஒவ்வொரு வருஷமும் ஒரே கதை. ஆண்கள் தண்ணீரில் குதிப்பார்கள். பெண்கள் கரையில் பாய் போட்டு, எல்லோருடைய பைகளையும் செருப்புகளையும் போன்களையும் சுற்றி வைத்துக்கொண்டு காவல் காப்போம். கணுக்கால் நனைய நின்று ஒரு படம் எடுப்போம். சாப்பாடு பரிமாறுவோம். திரும்பி வருவோம். பஸ்ஸில் ஆண்கள் கடலைப் பற்றிப் பேசுவார்கள்.

அந்த வருஷம் லூமுட்டிலிருந்து படகு எடுத்து, பங்கோர் பக்கம் சின்னச் சின்னத் தீவுகளைச் சுற்றுவது என்று முடிவானது. கண்ணாடி மாட்டிக் குழாயை வாயில் கவ்வி மீன் பார்ப்பது, மத்தியானம் ஒரு தீவில் சாப்பாடு, பிறகு பனானா போட். அது வாழைப்பழம் மாதிரி நீளமான ரப்பர் படகு. வேகப்படகு இழுத்துக்கொண்டு போய்க் கவிழ்த்துவிடும். ஆண்களுக்கு அதுதான் ஆசை. கிளப் கூட்டத்தில் தலைவர் இதையெல்லாம் சொல்லி முடித்ததும் அக்கா கேட்டாள்.

"கண்ணாடி எல்லாருக்கும் உண்டா?"

"எல்லாருக்கும் உண்டுக்கா. ஆனா நீங்கள்லாம் எதுக்கு? படகுல நெழலு இருக்கு, ஜம்முன்னு உக்காந்துக்கிட்டு..."

எனக்கு அப்போதே தெரியும்.

"நாங்களும் எறங்குறோம்" என்றாள் அக்கா.

எங்களைக் கேட்கவில்லை. 'நாங்களும்' என்று சொல்லிவிட்டாள். ஆண்கள் பக்கத்தில் சிரிப்பு. தலைவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார், அதைத்தான் நான் மறக்க மாட்டேன். "எறங்குங்க, வேணாங்கல. ஆனா பாதியில பயந்து கத்தி, எங்க நேரத்த வீணாக்குனா, அடுத்த வருஷத்துலேர்ந்து பொம்பளைங்களுக்குக் கடல் கெடையாது. கோயிலு, பசாரு, அவ்ளோதான். சரியா?"

"சரி" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. தலைவர்மேல் மட்டுமல்ல, அவள்மேலும். எங்களில் ஒருத்திக்கும் நீந்தத் தெரியாது. கேமரன் மலையில் எங்கே நீந்துவது? எங்கள் ஊர்த் தண்ணீர் கையை வைத்தால் எலும்புவரை அறுக்கும். ஆற்றில் இறங்க மாட்டோம். அணைப் பக்கம் போக மாட்டோம். குளிக்கிறதே வெந்நீர் காய்ச்சித்தான்.

அக்காவும் அதைத்தான் யோசித்திருக்கிறாள். புறப்பட்ட அன்று விடியற்காலையில் ஒவ்வொரு கதவாகத் தட்டி, ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளச் சொன்னாள். பஸ்ஸுக்கு மட்டும் இல்லை, தண்ணீருக்கும்.

"கடலு சூடால்ல இருக்கும்?" என்றேன். "கால நனச்சிருக்கோமே."

"அது ஓரத்துல. வெயில்ல சுட்டுக் கெடக்கும். நடுவுல நம்ம டேம் தண்ணி மாதிரிதான் இருக்கும். வெறச்சிப் போயிடுவ. கெட்டியான ஸ்வெட்டரா போடு."

யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் பட்டது. கடலையே அறியாத மலைக்காரிகளுக்கு வேறு எப்படிப் படும்? இன்னொரு காரணமும் இருந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நனைந்த சட்டையோடு தோட்டத்து ஆண்களுக்கு முன்னால் நிற்க வேண்டும். ஸ்வெட்டர் இருந்தால் நல்லது என்று எல்லோருக்கும் இருந்தது.

மலையிலிருந்து சிம்பாங் பூலாய் சாலையில் வளைந்து வளைந்து இறங்கும்போது பாதிப் பேர் வாந்தி. லூமுட்டில் வெயில் மண்டையைப் பிளந்தது. நாங்கள் ஸ்வெட்டரோடு படகில் ஏறினோம். படகோட்டி மலாய்க்காரர், இளவயது. எங்களைப் பார்த்ததும் கண்ணை அகல விரித்தார். "மக்சிக், சாக்கிட் கா?" என்று கேட்டார். அம்மா, உடம்பு சரியில்லையா என்று. பெரிய பாக்கியம் என்று எங்களில் ஒருத்தி உண்டு, உடம்பும் பெரிசு, வாயும் பெரிசு. "சாக்கிட் இல்ல லா தம்பி, பேஷன்" என்றாள். அவருக்குப் புரியவில்லை. நாங்கள் சிரித்தோம். அதுதான் அன்றைய கடைசிச் சிரிப்பு என்று நினைத்தேன், கொஞ்ச நேரம்.

ஒரு குட்டித் தீவுக்குப் பக்கத்தில் படகை நிறுத்திக் கயிறு ஒன்றைப் பின்னால் மிதக்கவிட்டார். ஆண்கள் பைகளை எங்கள் மடியில் போட்டுவிட்டுத் தொப்தொப்பென்று குதித்தார்கள். படகோட்டி எங்களைப் பார்த்து, "மக்சிக் டுடுக் சினி, ஜாகா பெக்" என்றார். இங்கேயே உட்கார்ந்து பையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. அந்த ஆளுக்கு என்ன தெரியும்? எங்கேயும் எங்களை மாதிரி ஆட்களுக்கு அதுதானே வேலை. அக்கா மடியிலிருந்த பைகளை நடுப்பலகையில் குவித்தாள். ஸ்வெட்டர்மேல் லைஃப் ஜாக்கெட்டை மாட்டினாள். கண்ணாடியைப் போட்டாள். ஏணியில் இறங்கினாள். நானும் பெரிய பாக்கியமும் பின்னால் இறங்கினோம்.

தண்ணீர் சூடாக இருந்தது. நாங்கள் குளிக்கக் காய்ச்சுகிற தண்ணீரைப் போல.

அதை நினைக்கும்போதே ஸ்வெட்டர் கடலைக் குடித்துவிட்டது. கை தூக்க முடியவில்லை. நனைந்த மூட்டையைக் கட்டிவிட்டது போலக் கீழே இழுத்தது. தடித்த கம்பளிக்குமேல் ஜாக்கெட்டின் வார் சரியாகப் பூட்டவில்லை. அது மேலே, நாங்கள் கீழே. கழுத்துப்பட்டி காதுவரை ஏறிவிட்டது. பெரிய பாக்கியம், "ஆத்தா! மாரியாத்தா!" என்று அலறினாள். கத்தினதில் வாய் நிறைய உப்புத்தண்ணீர். நானும் கத்தினேன். படகோட்டி குதித்து ஒவ்வொருத்தியாக வாரைப் பிடித்துத் தூக்கி ஏணியில் தள்ளினார். அக்காதான் கடைசி. மேலே வந்ததும் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள்.

தலைவர் தண்ணீரிலிருந்தே விசில் ஊதினார். "நான் அப்பவே சொன்னேன்ல! இந்தக் கூத்துக்குத்தான் பயந்தேன். எல்லாரும் உக்காருங்க. முடிஞ்சிபோச்சு!" ஆண்கள் ஒருத்தன் முதுகில் ஒருத்தன் தட்டிச் சிரித்தார்கள். ஒருத்தன் படகில் ஏறிப் போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்துவிட்டான். மற்றப் பெண்கள் ஜாக்கெட்டைக் கழற்ற ஆரம்பித்தார்கள். ஒருத்தி அழுதாள். எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும்போல் இருந்தது.

அக்கா வாயைத் துடைத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினாள். "தண்ணி சூடு. தப்பா சொல்லிட்டேன்." அவ்வளவுதான் சொன்னாள். பிறகு ஜாக்கெட்டைக் கழற்றினாள். ஸ்வெட்டரைத் தலைவழியாக உருவினாள். நனைந்த கம்பளி லேசில் வரவில்லை, நான் பிடித்து இழுத்தேன். உள்ளே மெல்லிசான டீ சட்டை, உடம்போடு ஒட்டியிருந்தது. போன் வைத்திருந்தவன் கையை இறக்கவில்லை. அக்கா அவனை நேராகப் பார்த்தாள்.

"எடு லா. நல்லா எடு. வீட்டுக்குப் போயி ஒங்கம்மாகிட்ட காட்டு. இதே வயசுதான்."

அவன் போனைப் பைக்குள் போட்டான்.

படகோட்டி எழுந்து வந்தார். இந்த முறை உட்காரச் சொல்லவில்லை. ஜாக்கெட்டை எடுத்துக் கொடுத்து, தன் உடம்பில் மாட்டிக் காட்டி, வாரை எப்படி இறுக்குவது என்று சொன்னார். மலாயில் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. அக்கா இறுக்கினாள். ஏணியில் இறங்கினாள். அலை தூக்கியது. மிதந்தாள்.

"சரசு, வா" என்றாள் என்னை.

"இருக்கா, மூச்சு வாங்குது."

"அப்ப வேற யாரு?"

யாரும் அசையவில்லை. இதற்குள் ஆண்கள் எல்லோரும் மேலே ஏறியாயிற்று. தலைவர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே, "ஏறுங்கக்கா. சாப்பாடு ஆறிப்போவும். பனானா போட்டுக்கு நேரம் சொல்லியிருக்கு. லேட்டாப் போனா வேற ஆளுக்குக் கொடுத்துருவான்" என்றார்.

"நான் ஏறல."

"என்னாது?"

"ஆசப்படுறவ எல்லாம் எறங்கிப் பாத்துட்டு ஏறட்டும். அப்புறந்தான் நான் ஏறுவேன்."

"அக்கா, வெளையாடாதீங்க. விட்டுட்டுப் போயிருவோம்."

"போ."

தலைவர் படகோட்டியிடம் இன்ஜினைப் போடச் சொன்னார். படகோட்டி தலையாட்டி மறுத்தார். தண்ணீரில் ஆள் இருக்கும்போது இன்ஜினைத் தொட மாட்டேன் என்றார். தலைவர் இரண்டு பேரைப் பார்த்து, "டேய், எறங்கித் தூக்குங்கடா" என்றார். அவர்கள் ஏணிவரை போனார்கள். அக்கா கயிற்றைப் பிடித்தபடி தள்ளித் தள்ளி அதன் கடைசி முனைக்குப் போனாள். "வாங்க. தொடுங்க பாப்போம்" என்றாள். இரண்டு பேரும் ஏணியிலேயே நின்றுவிட்டார்கள். தினமும் அவளோடு ஒரே மலையில் வேலை செய்கிறவர்கள். அந்தக் கை இன்ஜின் தூக்கின கை என்று தெரியும்.

பெரிய பாக்கியம்தான் முதலில் எழுந்தாள். ஸ்வெட்டரைக் கழற்றித் தலைவர் மடியில் போட்டாள். "இதக் கொஞ்சம் புடி தம்பி, தண்ணி சொட்டுது." பெண்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில்தான் பயம் உடைந்தது.

ஒருத்தி இறங்குவாள். அக்கா ஏணிப்பக்கம் வந்து அவள் ஜாக்கெட்டின் பின்கழுத்தை ஒரு கையால் பிடித்துக்கொள்வாள். மறு கை கயிற்றில். "மூஞ்சிய உள்ள போடு. வாயால மூச்சு விடு. நான் புடிச்சிருக்கேன். கீழ போவ மாட்ட." அவள் பார்த்து முடித்ததும் ஏணிக்குத் தள்ளிவிட்டு, "அடுத்தது" என்பாள். மெஷின் பிடிக்கும்போது வரிசை முடிவில் சொல்கிற அதே குரல்.

பெரிய பாக்கியம் தலையைத் தூக்கி, "ஏய், ஒரு மீனு என்னயவே பாத்துச்சு டீ!" என்று கத்தினாள்.

"இவ்ளோ பெருசா அது எத பாத்திருக்கும்?" என்று மேலேயிருந்து ஒருத்தி கேட்டாள்.

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார், விசிலை எடுத்தார், வைத்தார். ஆண்களில் சிலர் முணுமுணுத்தார்கள். ஒருத்தன் மட்டும் எழுந்து, தன் பெண்டாட்டி ஏணியில் இறங்கக் கை கொடுத்தான். அவனை நான் குறித்து வைத்துக்கொண்டேன், நல்லவிதமாக.

கடைசியில் நான் இறங்கினேன். பின்கழுத்தில் அவள் பிடி இறுகியது. முகத்தை உள்ளே வைத்தேன். அழகு, சொர்க்கம் என்றெல்லாம் எழுத எனக்கு வராது. கீழே பழுப்பு நிறத்தில் பாறை, எங்கள் மலைத் திரிங்காப் தோட்டத்து முட்டைக்கோசு மாதிரி மடிப்பு மடிப்பாக. அதன் இடுக்கில் மஞ்சளும் கறுப்புமாக மீன்கள். அவை என்னைச் சட்டை செய்யவில்லை. என் சொந்த மூச்சு என் காதில் கேட்டது. இத்தனை வருஷமாக நாங்கள் பைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது இதெல்லாம் இங்கேதான் இருந்திருக்கிறது. எனக்குக் கண்ணாடிக்குள் கண்ணீர் வந்தது. சந்தோஷத்தில் இல்லை. ஆத்திரத்தில்.

தலையைத் தூக்கினேன். படகில் எல்லோரும் ஏறிவிட்டார்கள். "முடிஞ்சிச்சா? எல்லாரும் பாத்தாச்சா? கெளம்பலாமா இப்ப?" என்று தலைவர் கத்தினார். படகோட்டி கயிற்றைச் சுருட்ட எழுந்தார். அக்கா என்னை ஏணிப்பக்கம் தள்ளினாள். அவள் உதடு வெளுத்திருந்தது. வலிக்காத அந்தத் தோள் ஒரு பக்கமாக இறங்கியிருந்தது. கண்ணாடி நெற்றியில் ஏறி இருந்தது. அது காய்ந்திருந்தது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முதலில் இறங்கியபோது அவள் முழுகினாள். அடுத்து இறங்கியதிலிருந்து தலைகளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு முறைகூட முகத்தைத் தண்ணீருக்குள் வைக்கவில்லை.

"அக்கா, நீ பாத்தியா?"

"ஏறு, ஏறு. நேரமாச்சி."

"நீ பாத்தியான்னு கேட்டேன்."

ஏணியைக் காட்டினாள். அவள் ஜாக்கெட்டின் பின்கழுத்தை எட்டிப் பிடித்தேன். மறு கையால் கயிற்றைப் பிடித்தேன். எனக்கு நீந்தத் தெரியாது, இருந்தாலும் பிடித்தேன். நெற்றியிலிருந்த கண்ணாடியை இழுத்து அவள் கண்ணில் இறக்கினேன். "மூஞ்சிய உள்ள போடு" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். குழாயைக் கவ்வினாள். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாள்.

"இன்னும் என்னா?" என்று தலைவர் விசிலை வாயில் வைத்தார்.

"ஊதிப் பாரு!" என்று கத்தினேன். "ஊதினா அந்த விசில ஒன் தொண்டைக்குள்ள தள்ளுவேன்! எல்லாரையும் பாக்க வச்சவ இன்னும் பாக்கல! இருங்க எல்லாரும்!"

தோட்டத்துக் கிராணியை அப்படி யாரும் பேசினதில்லை. படகிலிருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக விளிம்புக்கு வந்து நின்றார்கள். பெரிய பாக்கியம் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு இன்ஜினுக்கு முன்னால் நின்றாள். படகோட்டி சுருட்டிய கயிற்றை மறுபடி நீளமாக விட்டார்.

வெகுநேரம் அவள் அசையவில்லை. குழாயில் மூச்சுச் சத்தம் மட்டும் சீராக வந்தது. நனைந்த நரைமுடி தண்ணீரில் விரிந்து கிடந்தது. பயந்துபோய் ஜாக்கெட்டை ஆட்டினேன். சட்டென்று தலையைத் தூக்கினாள். குழாயைத் துப்பினாள்.

"என்னாக்கா, என்னா பாத்த?" என்று மேலேயிருந்து எல்லோரும் கேட்டார்கள்.

"பேசாத" என்றாள். "இன்னும் முடியல."

மறுபடி முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டாள்.